ஒரு துளை, ஒரு கம்பி, இரண்டு வானொலி

நாகர்கோவில் வானொலி 101.0 மெகாஹெர்ட்ஸில் தமிழ் பேசும். அதை ஒட்டினாற்போல 101.9-ல் திருவனந்தபுரத்தின் அனந்தபுரி எஃப்எம் பல வருடம் மலையாளம் பேசியது. இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது பாறசாலை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சேர்த்துக் கேட்ட, பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லையோர இஞ்சிவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிற வீடுகளுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து தமிழ் வந்து சேர்ந்த வழிகளில் ஒன்று வானொலி. 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் நிலையமாகத் தொடங்கிய நாகர்கோவில் வானொலியை, செல்போன் காலத்தில் இங்கே பலர் கேட்டது ஹெட்செட் வழியாகத்தான். அந்த ஹெட்செட் செருகும் துளையின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

துளை பிறந்தது தொலைபேசி நிலையங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். ஒரு வீட்டு இணைப்பை இன்னொன்றோடு சேர்க்க ஊழியர்கள் செருகிய கால் அங்குலப் பின்தான் முன்னோர். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது 3.5 மில்லிமீட்டராக மெலிந்தது. 1979-ல் சோனியின் வாக்மேன் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு செல்போனுக்குள் வந்தது. உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பம்.

செல்போனில் எஃப்எம் கேட்க ஆன்டெனா வேண்டும். 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதைப் பிடிக்க முக்கால் மீட்டர் கம்பி போதும். உள்ளங்கையளவு கருவியில் அதை எங்கே வைப்பது? வடிவமைப்பாளர்கள் ஹெட்செட் வயரையே ஆன்டெனாவாக்கினார்கள். பாட்டின் மின்னோட்டம் திரும்பிவரும் தரைக் கம்பியும் வானொலி அலையைப் பிடிக்கும் கம்பியும் ஒன்றே. இரண்டையும் பிரிப்பது கடுகளவு ஃபெரைட் மணி ஒன்றும் மின்தேக்கி ஒன்றும். பாட்டின் தாழ்ந்த அதிர்வெண்ணை மணி தடையில்லாமல் விடும். நூறு மெகாஹெர்ட்ஸ் அலையை மறிக்கும். மறிபட்ட அலை மின்தேக்கி வழியாக எஃப்எம் சிப்புக்குள் போகும். வாய்க்காலில் மடை வைத்துப் பாத்தி பிரிப்பது போன்ற வேலை. விலை சில காசுகள். செல்போனில் இதைவிடச் சிக்கனமான, அழகான சுற்று வேறு எனக்குத் தெரியாது. ஹெட்செட்டைச் செருகினால்தான் ரேடியோ திறக்கும் என்று போன் பிடிவாதம் பிடித்ததன் காரணமும் இதுதான்.

பின்னில் நான்காவது வளையம் வந்து மைக்கும் சேர்ந்தது. மைக்குக்கான மின்சாரம், பேச்சு, பட்டன் அழுத்தும் சைகை மூன்றும் அந்த ஒரு முனையில். தரையும் மைக்கும் எந்த வளையத்தில் என்பதில் நிறுவனங்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு முறைக்குச் செய்த ஹெட்செட்டை மற்ற முறைப் போனில் செருகினால் வாத்தியம் மட்டும் கேட்கும், பாடகர் குரல் காணாமல் போகும். தரை இணைப்பு அறுந்ததால் இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். நடுவில் வைத்துப் பதிவு செய்த குரல் அதில் கழிந்துவிடும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்ட எத்தனையோ ஹெட்செட்டுகளில் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

அதே துளை தரவையும் சுமந்தது. 2010-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹைஜாக் என்ற சிறு பலகையைச் செய்தார்கள். போன் எழுப்பும் ஒலியிலிருந்தே 7.4 மில்லிவாட் மின்சாரத்தை எடுத்து, நொடிக்கு 8.82 கிலோபிட் வேகத்தில் உணர்கருவித் தகவலை மைக் வழியே திருப்பி அனுப்பியது. பத்தாயிரம் செய்தால் மின்சாரம் எடுக்கும் சுற்றுக்கான பாகங்களின் செலவு ஒன்றுக்கு 2.34 டாலர். கார்டு தேய்க்கும் கருவிகளும் இந்தத் துளையில்தான் ஏறின.

மறுபக்கம், ஒலியையும் தரவையும் ஒரே வாயில் அடக்கும் முயற்சி. நோக்கியாவின் பாப்-போர்ட் 2002-லேயே அதைச் செய்தது. 2009-ல் இந்தியாவுக்கு வந்த எச்டிசி மேஜிக்கில் மினி யுஎஸ்பி வாயிலேயே கூடுதல் முனைகள். சாதாரண கேபிளும் ஏறும், அதற்கென்று செய்த ஹெட்செட்டும் ஏறும். மைக்ரோ யுஎஸ்பியில் ஐந்தே முனை. செருகியது ஹெட்செட்டா கேபிளா என்பதை அடையாள முனையில் வைத்த ஒற்றை மின்தடையின் அளவைக் கொண்டே சில போன்கள் கண்டுகொண்டன.

2014-ல் வந்த யுஎஸ்பி-சி இதை விதியாகவே எழுதிவைத்தது. சிசி முனைகள் இரண்டையும் தரையோடு இணைத்தால் போன் தரவை நிறுத்தி, அதே கம்பிகளில் இடது, வலது ஒலியை அனுப்பும். மைக்கும் தரையும் எஸ்பியு என்ற துணை முனைகளுக்குப் போகும். சிக்கல், மின்னழுத்தத்தில். தரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, ஒலி இறங்கும். மலிவான ஸ்விட்ச் அந்தக் கீழ்ப்பாதியை வெட்டிவிடும், பாட்டு கரகரக்கும். எதிர்மறை அழுத்தத்தையும் தாங்கும் ஸ்விட்ச்தான் தீர்வு. அந்தச் செலவையும் மிச்சப்படுத்த நினைத்த நிறுவனங்கள் ஒலியை எண்களாகவே வெளியே அனுப்பின. எண்களை ஒலியாக மாற்றும் சிப்பை, ஹெட்செட்டை யுஎஸ்பி-சியில் செருக உதவும் அடாப்டருக்குள் தள்ளின. அதற்கான காசு வாங்குகிறவர் தலையில் விழுந்தது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு அடாப்டர்களில் ஒன்று பாட, மற்றது ஊமையாக இருப்பது இதனால்தான்.

ஒலி யுஎஸ்பி-சிக்கு மாற, பல போன்களில் துளை மறைந்தது. அதோடு சத்தமில்லாமல் தொலைந்தது எஃப்எம். துளை போனதும் கம்பி போனது. கம்பி போனதும் சிப்பில் இருக்கிற வானொலியைத் திறந்துவிடும் அக்கறையும் போனது. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எஃப்எம் வசதியை முடக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. இந்தப் பகுதிக்கு அது காகிதச் செய்தி இல்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது பொழியூரிலிருந்தும் எல்லைக்கு அப்பால் தூத்தூர்க் கரையிலிருந்தும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படியான நாளில் டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். பட்டன் போனில் கொஞ்சம் சார்ஜும் ஒரு வயரும் இருந்தால் செய்தி வரும். ரப்பர் பால்வெட்டுக்கும் கடலுக்கும் இருட்டிலேயே கிளம்புகிறவர்கள் வீட்டுக்கு வாங்கும் போனில் இந்தத் துளையைக் கேட்டு வாங்குவது நல்லது. துளையுள்ள போன்கள், விலை குறைந்த வரிசையில், இன்னும் கடைகளில் இருக்கின்றன.