தேநீர்க் கடைக்குப் பிறந்த கணிப்பொறி

வாணிகம் செய்வார்க்கு நாள்தோறும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சரக்கைக் கொள்வோர் யார், அவர் வேண்டுவது யாது என்பது ஒன்று. அதனைக் கொடுப்பதற்குத் தம்மிடம் உள்ள சரக்கு எவ்வளவு, ஆள் எத்தனை பேர், பணம் எவ்வளவு என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னதற்கு விடை காணும் ஏற்பாடு இந்நாளில் வாடிக்கையாளர் தொடர்பு மேலாண்மை என்றும், பின்னதற்கு விடை காணும் ஏற்பாடு நிறுவன வளத் திட்டமிடல் என்றும் வழங்கப்படுகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடைக்காரரும் மசாலை அரைப்போரும் கூட இவற்றுக்கான மென்பொருள்களைத் தேடும் காலம் வந்துள்ளது. ஆதலின் இவை எங்கே தோன்றின, எவ்வாறு வளர்ந்தன, எவ்விடத்துப் பயன் தந்தன என்பவற்றை வரலாற்று வழியில் ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

கிட்டங்கியும் பேரேடும்

இந்நாடுகளில் தமிழர் கணக்கு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழிலகங்களாகும். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் அமைந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல தொழிலகத்தார் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர்க்கும் உரியவை ஒரு பெட்டியும், தாழ்ந்த மேசையும், கணக்கேடுகளுமே. அன்றாடக் கொடுக்கல் வாங்கல் குறிப்பேட்டில் ஏறும். பின்னர் அவரவர் பெயரின்கீழ்ப் பேரேட்டில் பதியப்படும். உரிய காலத்தில் ஐந்தொகை போடப்படும். இவை யாவும் தமிழிலேயே நடைபெற்றன.

பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாக உயர்வான். மேலாள் பொதுவாக மூன்றாண்டுக் காலம் இங்குத் தொழில் நடத்திவிட்டு, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். முதலாளி செட்டிநாட்டில் இருந்தாலும், ஏட்டைக் கண்டே கடல் கடந்த தொழிலின் நிலையை அறிந்துகொள்ள முடிந்தது.

ஆயின் ஏட்டில் ஏறாத செய்தி ஒன்று உண்டு. கடன் வாங்கியவர் எத்தகையவர், எந்த மாதத்தில் அவர் கையில் பணம் புரளும், எவ்வாறு கேட்டால் தருவார் என்பன மேலாளின் நெஞ்சில் இருந்தன. அவற்றைத் தமக்குப் பின் வருபவருக்கு அவர் வாய்மொழியாகவே சொல்லித் தரல் வேண்டும். சொல்லாது போனால் அவ்வறிவு அவரோடு கப்பலேறிவிடும். சிறு வாணிகத்தின் பெருங்குறை இதுவே. தந்தையின் நினைவில் இருந்த கடை, தந்தை மறைந்ததும் பாதி மறைந்துவிடுகிறது.

இலண்டன் தேநீர்க் கடைகள்

வாணிகத்திற்கெனக் கணிப்பொறி முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு போர்ப்படையிலோ வங்கியிலோ அன்று. தேநீரும் பணியாரமும் விற்ற ஒரு நிறுவனத்திலாகும். ஜே. லயன்ஸ் கம்பெனியார் 1894இல் இலண்டன் பிக்கடிலியில் தம் முதல் தேநீர்க் கடையைத் திறந்தனர். நாளடைவில் அத்தகைய கடைகள் இருநூறுக்கு மேற்பட்டன. ஒவ்வொரு கடையிலும் விற்பவை சில்லறைப் பொருள்கள். ஒரு கோப்பைத் தேநீரில் கிட்டும் இலாபமோ மிகச் சிறிது. அச்சிறு இலாபத்தைக் கணக்கெழுதும் செலவே விழுங்கிவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது.

1923இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த கணித வல்லுநர் ஜான் சிம்மன்ஸ் இவ்வச்சத்தைப் போக்க முற்பட்டார். எந்தத் தாளை யார் எழுதுகின்றனர், யார் படிக்கின்றனர், எது வீண் என்பவற்றை ஆராய்வதற்கென்றே 1930களின் தொடக்கத்தில் ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பெற்றது. கணிப்பொறி என்பதே உலகில் இல்லாத காலம் அது.

1947இல் அந்நிறுவனத்தின் அலுவலர்களான தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்னும் இருவர் அமெரிக்கா சென்றனர். அங்குப் பிரின்ஸ்டனில் அறிஞர் கோல்ட்ஸ்டைன் அவர்களிடம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பார் மின்னணுக் கணிப்பொறி செய்து வருவதைத் தெரிவித்தார். வீட்டருகே இருந்த ஒன்றைக் கடல் கடந்து அறிந்தனர் இருவரும். லயன்ஸ் கம்பெனியார் வில்க்ஸின் பணிக்கு 3000 பவுன் உதவினர். 1949 மே மாதத்தில் அக்கணிப்பொறி இயங்கியது. அதனைப் பின்பற்றித் தமக்கென ஒன்றை அவர்களே செய்து, லியோ எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 6000 வால்வுகள் கொண்ட அப்பொறி, 1951 நவம்பரில் ரொட்டிச் சாலைக் கணக்கைப் போட்டது. பின்னர்ச் சம்பளப் பட்டியலும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுத்தர் ஒருவர் 8 நிமிடத்தில் போட்ட ஒருவரது சம்பளக் கணக்கை, அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

1954இல் தொடங்கிய தேநீர்க் கடை விநியோக ஏற்பாடே இவ்வரலாற்றில் மிகச் சிறந்த பகுதியாகும். கிழமை தோறும் எந்த நாளில் எந்தக் கடைக்கு எவ்வளவு பண்டம் வேண்டும் என்னும் வழக்கமான அளவு கணிப்பொறிக்கு முன்னரே தரப்பட்டிருந்தது. கடைத் தலைவி நாள்தோறும் முழுப் பட்டியலையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. வழக்கத்தினின்று மாறுபடுவதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அதிலிருந்து அன்றிரவு எவ்வளவு சுடுவது, எந்த வண்டியில் எதை ஏற்றுவது, கடைக்கு எவ்வளவு விலை எழுதுவது, மேலாளர்க்கு எதை அறிவிப்பது ஆகிய யாவும் ஒரே ஓட்டத்தில் வெளிவந்தன. ஒருமுறை சொன்ன செய்தியைப் பலர் பலமுறை எழுதும் வழக்கம் இவ்வாறு ஒழிந்தது. இன்றைய வளத் திட்டமிடல் மென்பொருள்களின் உயிர்நிலையும் இதுவே.

மாவுக் கடைக் கணக்கு

அடுத்த பெரும் படி அமெரிக்காவில் வைக்கப்பட்டது. 1964இல் ஜோசப் ஓர்லிக்கி என்பார் பொருள் தேவைத் திட்டமிடல் என்னும் முறையை வகுத்தார். அதன் இயல்பை இட்டிலி மாவு விற்கும் ஒரு சிறு கடையைக் கொண்டு விளக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிலோ மாவுப் பொட்டலம் 100 வேண்டும் என்று கொள்வோம். பொட்டலம் ஒன்றுக்கு அரிசி 360 கிராமும் உளுந்து 90 கிராமும் ஆகுமாயின், அரிசி 36 கிலோவும் உளுந்து 9 கிலோவும் தேவை. கையிருப்பில் அரிசி 20 கிலோ இருந்தால், வாங்க வேண்டியது 16 கிலோவே. ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைக்க ஒரு நாள் ஆகும். ஆகவே வியாழக்கிழமை அரிசி கடையில் இருத்தல் வேண்டும். மொத்த வியாபாரி சரக்கு அனுப்ப இரண்டு நாள் எடுத்துக்கொள்வாரானால், செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட வேண்டும். விற்பனையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வாங்கும் நாளையும் அளவையும் காண்பதே இம்முறை. ஐந்து பண்டங்கள் விற்பவர் இதனை மனத்திலேயே போடுவார். ஐந்நூறு பண்டங்கள் விற்பவர்க்கு மனம் இடங்கொடாது.

பெயர்கள் பிறந்த வரலாறு

1972இல் செர்மனியில் ஐவர் கூடிச் சாப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கு, கொள்முதல், இருப்பு, உற்பத்தி ஆகியவற்றை ஒரே தொகுப்பில் இணைப்பது அவர்கள் நோக்கம். அத்தகைய தொகுப்புகளுக்கு 1990இல் கார்ட்னர் நிறுவனம் நிறுவன வளத் திட்டமிடல் என்று பெயர் சூட்டியது. வாடிக்கையாளர் பக்கத்திலோ, சுழலும் முகவரி அட்டைகளாகத் தொடங்கிய வழக்கம் 1980களில் கணிப்பொறிக்குள் புகுந்தது. 1993இல் சீபெல் நிறுவனமும், 1999இல் இணையத்தின் வழியே மென்பொருளை வாடகைக்கு விடும் சேல்ஸ்ஃபோர்சு நிறுவனமும் தோன்றின.

இவற்றுட் பல பெருமுதலாளிகளுக்கே எட்டின. சிறு வாணிகர்க்கு வழி பிறந்தது வேறிடங்களில். இந்தியாவில் 1986இல், தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிட்டாத தந்தை ஒருவர்க்காக மகன் எழுதித் தந்ததே டேலி. பெல்ஜியத்தில் 2005இல் டைனி என்னும் பெயரோடு தொடங்கி, மூலநிரல் திறந்து வைக்கப்பட்ட தொகுப்பு இன்று ஓடூ என வழங்குகிறது. ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் தொடங்கிய நிறுவனம் 2005இல் சோகோ வாடிக்கையாளர் மென்பொருளை வெளியிட்டது. சென்னையில் வளர்ந்த அந்நிறுவனம், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைச் சிற்றூரிலும் தன் பணிமனையை அமைத்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர் இளைஞர் உருவாக்கும் கருவிகள் பல நாட்டுக் கடைகளில் இயங்குவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்நாடுகளின் இன்றைய நிலை

அரசினரும் இத்துறையில் தலையிட்டுள்ளனர். சிங்கப்பூரில் 2017இல் சிறு நடுத்தரத் தொழில்களை மின்னிலக்கமாக்கும் திட்டம் தொடங்கியது. மலேசியாவில் 2024 ஆகஸ்டு முதல் மின்விலைச்சீட்டு முறை, பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டு வருகிறது. வாடிக்கையாளர் விவரத்தைக் காக்கும் சட்டங்கள் மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் இயற்றப்பட்டன. கிட்டங்கிப் பெட்டிக்குள் அடங்கியிருந்த மறைபொருள் இன்று சட்டக் கடமையாகிவிட்டது.

வரலாறு உணர்த்துவது

கருவி மட்டுமே வெற்றி தருவதில்லை. அமெரிக்காவின் பெரிய மிட்டாய் நிறுவனமான ஹெர்ஷி 1999இல் புதிய மென்பொருள்களை அவசரமாக, விற்பனை மிகும் பருவத்திலேயே ஏற்றதால், சரக்கு கிடங்கில் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப இயலாது திணறியது. பெருநிறுவனம் அதனைத் தாங்கிக்கொண்டது. ஒரு சிறு கடைக்குத் தீபாவளிக்கு முந்திய மாதத்தில் அத்தகைய இடர் நேருமாயின், மீள்வது அரிது.

சிறு கடைகளில் குறை பெரும்பாலும் எளிய இடங்களிலேயே தோன்றும். ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகப் பதியப்படுவார். உடைந்த பண்டம் இருப்பிலிருந்து கழிக்கப்படாது. கடனுக்குக் கொடுத்தது நாளை எழுதலாம் என விடப்படும். பொய்யான எண்ணைப் பொறி மெய்யாக்காது. விரைந்து பரப்பவே செய்யும். அன்றைய கணக்கை அன்றே எழுது என்று பெட்டியடிப் பையனுக்குக் கற்பித்த ஒழுக்கம் இங்கும் வேண்டப்படுகிறது.

லயன்ஸ் கம்பெனியார் பொறி செய்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தம் வேலைமுறையை ஆராயத் தொடங்கினர். அதனாலேயே பொறி வந்தபோது அதற்கு இன்ன வேலை என்று சொல்ல முடிந்தது. எனினும் 1978இல் அந்நிறுவனமும் பிறர் கைக்கு மாறியது. தேநீர்க் கடைகளும் காலப்போக்கில் மறைந்தன. மக்களின் சுவையும் நகரத்தின் வாழ்வும் மாறும்போது, செம்மையான கணக்கு மட்டும் கடையைக் காத்துவிடாது.

ஆயினும் கணக்கு ஒன்றைச் செய்யும். தந்தை அறிந்ததை மகளோ மகனோ அறியத் தரும். முதலாளி இல்லாத நாளிலும் பணியாள் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி வரவேற்கச் செய்யும். மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகள் 1970களின் நகரச் சீரமைப்பில் இடிபட்டன. அங்கே தமிழில் எழுதப்பட்ட பேரேடுகள் செட்டிநாட்டு முதலாளிக்குக் கண்ணாக இருந்தன. இன்றைய சிறு வாணிகர் தம் மென்பொருளில், பண்டத்தின் பெயரையும் வாடிக்கையாளரின் பெயரையும் தமிழிலும் பிழையின்றி எழுதிப் பழகுவாராயின், கணக்குத் தமிழ் மீண்டும் கடையில் வாழும். அதற்கு வேண்டிய எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் பொறுப்பு, பள்ளிக்கூடத்தையும் சார்ந்தது.