ஒரு சிறு நகரத்து அவசர வைத்தியர்கள்

நம் சங்கத்து அன்பர்களின் குடும்பங்களில் வைத்தியம் பயிலும் மக்கள் பெருகி வருதல் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், அவசர வைத்தியம் என்னும் துறை தோன்றிய விதத்தை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆதலின் அதன் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில், வர்ஜீனியா மாகாணத்தில், போட்டோமாக் ஆற்றங்கரையில் அலெக்சாந்திரியா என்னும் நகரம் உள்ளது. 1960-ம் வருஷத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் குறைந்த ஜனங்களே வசித்தனர். அக்காலத்து அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அவசர அறை உண்டு. அதற்கென நிலையான வைத்தியர் இல்லை. பயிற்சி பெறும் இளைஞரோ, அன்றைக்கு முறை வந்த வைத்தியரோ வந்து பார்ப்பர். நெஞ்சு வலியால் துடிப்பவன்முன் தோல் வைத்தியர் நிற்க நேரின், இருவர் நிலையும் இரங்கத்தக்கதன்றோ?

அலெக்சாந்திரியா ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியர் குறைந்தனர். அவசர அறையை நாடி வருவோரோ பெருகினர். இக்குறையைக் கண்ட ஜேம்ஸ் மில்ஸ் என்பவர், 1961-ம் வருஷத்தில், தோழர் மூவருடன் கூடித் தம் சொந்த வைத்தியத்தை விடுத்தார். நால்வரும் அவ்வறையில் இரவும் பகலும் முறைவைத்து நிற்பதையே தொழிலாகக் கொண்டனர். அதே வருஷத்தில் மிச்சிகன் மாகாணத்துப் பான்டியாக் நகரில், வைத்தியர் பலர் தம் தொழிலை விடாமலே முறைவைத்து இப்பணியைப் பகிர்ந்து கொண்டனர்.

இதன் அவசியத்தை 1966-ம் வருஷத்தில் வெளிவந்த அறிக்கை ஒன்று அந்நாட்டாருக்கு உணர்த்திற்று. 1965-ம் வருஷத்தில் மட்டும் விபத்துக்களால் 1,07,000 பேர் மாண்டனர் என்று அது கூறியது. 1968-ல் அவசர வைத்தியர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1970-ல் சின்சினாட்டி சர்வகலாசாலையில் இத்துறைக்கெனப் பயிற்சி தொடங்கிற்று. எனினும், தனித்துறை என ஏற்கும்படி விடுத்த வேண்டுகோளை வைத்தியத் துறைகளின் மேற்சபை 1977-ல் மறுத்தது. அன்னார் தளர்ந்தாரல்லர், 1979-ல் அது 23-ஆவது துறையாக ஏற்கப்பெற்றது. நம் தேசத்திலோ, 2009-ம் வருஷத்தில்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் இதனைத் தனித்துறையாக ஒப்புக்கொண்டது.

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கது யாது? கட்டிடமும் கருவியும் இருந்தும், பொறுப்பேற்று நிற்கும் ஆள் இல்லையேல் உயிர் நில்லாது. பிறர் தம் கடனன்று என ஒதுக்கிய வேலையை நால்வர் தமதென ஏற்றமையால் ஒரு துறையே பிறந்தது. நம் பிள்ளைகள் பெருநகர்களையே நாடாது, தத்தம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இப்பணி ஏற்பரேல், அதுவே நம் குலத்துக்குப் பெருமை.

இன்னுமொன்று. அவசர அறைக்கு வருவோரைப் பணம் கருதித் திருப்பலாகாது, முதலில் நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-ல் அமெரிக்க நாட்டில் சட்டம் பிறந்தது. நம் சங்கம் நம்மவர் நலத்துக்காக ஏற்பட்டதே. ஆயினும், உயிர் ஊசலாடும் அவ்வாயிலில் குலம் வினவுதல் தகாது. அவ்வாயிலில் நிற்கத் துணியும் பிள்ளைகளை நம் குடும்பங்கள் மனமுவந்து அனுப்பும் என நம்புகின்றோம்.