கருங்கண்ணி எங்கே போனது?



போன வாரம் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் பழைய மாணவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வந்தவர். "சார், எங்க தாத்தா கருங்கண்ணி கருங்கண்ணின்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்தப் பருத்தி எங்க சார் போச்சு?" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

நூறு வருஷத்துக்கு முன்பு நம் கரிசலில் கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும் கலந்து விளைந்தன. வெளிநாட்டு வியாபாரிகள் அதை 'டின்னவெலி' பருத்தி என்றார்கள். மானாவாரிப் பயிர். விதைப்புக்கு முந்தி எங்கள் அய்யா பருத்திக்கொட்டையைச் சாணியும் மண்ணும் சேர்த்துப் பிசைந்து காயவைப்பார். கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழவேண்டும் அல்லவா? எல்லாம் போன வருஷ வெள்ளாமையில் எடுத்து வைத்த விதை.

கருங்கண்ணியின் குறை, இழை ஓர் அங்குலம்கூட இருக்காது. மில்களுக்கு நீள இழை வேண்டும். 1840களிலேயே டாக்டர் ராபர்ட் வைட் தலைமையில் கும்பினியார் அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கோயம்புத்தூருக்கு வரவழைத்து அமெரிக்கப் பருத்தியைப் போட்டுப் பார்த்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. 1901இல் கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. நல்ல செடிகளைப் பொறுக்கி, தனித்தனியாக விதையெடுத்துக் கருங்கண்ணியையே மேம்படுத்தினார்கள். 'கே' வரிசை ரகங்கள் அப்படி வந்தவை.

நடுவே புளிச்சை என்றொரு மட்டப் பருத்தி புகுந்தது. அரைத்தால் பஞ்சு அதிகம் கிடைக்கும், ஆனால் இழை கட்டை, முரடு. அதை நல்ல பருத்தியில் கலந்து விற்றார்கள். தடுக்க 1932இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று!

அதற்கு முன்பே, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியா பருத்தி வந்து கிணற்றுப் பாசனத்தில் பரவிவிட்டது. பேர்தான் கம்போடியா, பூர்வீகம் அமெரிக்கா. பிறகு உகாண்டா ரகங்களும் சேர்ந்தன. எம்.சி.யூ. என்றால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. அந்த வரிசையில் 1968இல் எம்.சி.யூ.5 வந்தது. 1974இல் கோயம்புத்தூரில் சுஜாதா ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து 'சுவின்' கண்டார்கள். 120ஆம் நம்பர் நூல் நூற்கலாம். உலகத்தரம். வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். விலைக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷம் மானாவாரி நிலத்தில் எம்.சி.யூ.5 போட்டோம். ஐப்பசி மழை ஏமாற்றியது. தத்துப்பூச்சி வேறு. பக்கத்துப் புஞ்சையில் கருங்கண்ணி ஏதோ காய்த்தது, எங்களுக்குப் பருத்திமார்தான் மிச்சம். இதில் ஆராய்ச்சிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் உள்ள இடத்துக்கான ரகத்தைத் தண்ணீர் இல்லாத இடத்தில் போட்டது நாங்கள்.

"ரெண்டையும் ஒட்டுப் போட்டா என்ன சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். கருங்கண்ணிக்குக் குரோமோசோம் 26, கம்போடியாவுக்கு 52. சேர்த்தால் பிறக்கும் செடிக்கு 39. ஜோடி சேராது, அதனால் விதை பிடிக்காது. கோல்ச்சிசின் என்ற மருந்தால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கித்தான் மேலே போகமுடியும். பல தலைமுறை பிடிக்கிற வேலை.

2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவின் மரபணு, காய்ப்புழுவைக் கொல்லும். தொடக்கத்தில் மருந்தடிப்பு குறைந்தது உண்மை. பின்னால் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. என் விசனம் வேறு. வந்தவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். அதன் கொட்டையை எடுத்து வைத்து விதைத்தால் தாயைப் போல வராது. வருஷா வருஷம் பாக்கெட் வாங்கவேண்டும். அய்யாவின் விதைக் கலயத்துக்கு வேலையில்லாமல் போனது.

கருங்கண்ணி முழுசாக ஒழிந்துவிடவில்லை. கோவில்பட்டியில் கே.11 வரைக்கும், அதற்குப் பிறகும், மானாவாரிக்கென்று ரகம் எடுத்திருக்கிறார்கள். இலைச்சுருட்டு வைரஸ் இந்த இனத்தைத் தொடுவதில்லை என்பதால் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் இதைத் தேடுகிறார்கள்.

ஆமத்தூர், சாத்தூர் பக்கம் இந்த வருஷம் யாராவது கருங்கண்ணி விதைக்கிறீர்களா? விதை எங்கே கிடைத்தது, யார் வாங்குகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த மாணவருக்கும் சொல்லவேண்டும்.