இத்தாலியின் மலைக் கிராமங்களும் ஒரு கொசுவும்

1. இத்தாலியின் மலைக் கிராமங்களை போட்டோவிலாவது பார்த்திருப்பீங்க. உச்சியில் ஒன்றோடு ஒன்று ஒட்டிய கல் வீடுகள், நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். அவ்வளவு அழகு. ஆனா அதில் பல ஊர்களில் இப்போ ஆளே இல்லை. ஏன்?

2. அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. வயல் கீழே சமவெளியில் இருக்க, வீட்டை மட்டும் ஏன் மலை மேல கட்டினாங்க? இரண்டு பயம். ஒன்று, கடல் வழியா வந்த கொள்ளையர்கள். இன்னொன்று காய்ச்சல். "மலேரியா" என்பதே இத்தாலியச் சொல்தான். பொருள்: கெட்ட காற்று. சதுப்பு நிலத்துக் காற்றே நோய் தருதுன்னு அந்த மக்கள் நம்பினாங்க.

3. தெற்கு இத்தாலியில் பேஸ்டம் என்று ஒரு பழைய நகரம். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் உருவாக்கியது. மூன்று கோயில்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் சுற்றிலும் சதுப்பு பரவியது, காய்ச்சல் வந்தது, கொள்ளையரும் வந்தார்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் மிச்சமிருந்த மக்கள் பக்கத்து மலைக்கு ஏறிட்டாங்க. அந்த மலை ஊர்தான் கபாச்சோ.

4. காற்று என்ற காரணம் தப்பு. ஆனா மலைக்கு ஏறியது சரியான வைத்தியம்! மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை கடிக்கும். பகலில் கழுதையோடு கீழே இறங்கி உழுதுட்டு, இருட்டுவதற்குள் மேலே வந்து படுத்தால் பாதித் தப்பு. அறுவடை சமயத்தில் வயலிலேயே தங்க வேண்டிய கூலிக்காரருக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

5. 1897-ல் நம்ம செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டே இத்தாலியின் கிராஸி, மனிதருக்கு அதைப் பரப்புவது அனாபிலிஸ்தான் என்று நிரூபித்தார். பிறகு அதே கபாச்சோ சமவெளியில் ஒரு சோதனை. மாலை முதல் விடியல் வரை கொசு கடிக்காமல் பாதுகாக்கப்பட்ட 112 பேரில் காய்ச்சல் வந்தது 5 பேருக்குத்தான். பாதுகாப்பில்லாத 415 பேருக்கும் வந்தது.

6. அப்போ இத்தாலியில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1900-ல் அரசே குயினைன் விற்கச் சட்டம் போட்டது. புகையிலைக் கடையில்கூடக் கிடைத்தது. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. 1970-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

7. இப்போ யோசிச்சுப் பாருங்க. மேலே ஏறியதற்கான காரணம் போயிடுச்சு. கொள்ளையர் இல்லை, காய்ச்சலும் இல்லை. ரயில், ரோடு, பாசன வசதியான நிலம் எல்லாம் கீழே. வெறுங்கல் மலையில் யார் இருப்பாங்க? பலர் சமவெளிக்கு இறங்கினாங்க. இன்னும் பலர் மிலன், டூரின் தொழிற்சாலைகளுக்கும் ஜெர்மனிக்கும் போனாங்க. அமெரிக்காவுக்குக் கப்பலேறுவது 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியாச்சு. நம்ம துறையின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்றுக்கு இந்த ஊர்கள் காலியானதிலும் ஒரு பங்கு உண்டு.

8. எல்லாத்தையும் கொசு தலையில் கட்டிட முடியாது. பாசிலிகாட்டா பகுதியின் கிராகோவைப் பாருங்க. களிமண் மலை மேல் நின்ற ஊர். 1963-ல் நிலச்சரிவு. மக்களைப் பள்ளத்தாக்கில் புது ஊருக்கு மாற்றினார்கள். 1972-ல் வெள்ளம். 1980 நிலநடுக்கத்தோடு முழுசா காலி. இன்று சினிமா எடுக்க வர்றாங்க.

9. அதே பகுதியில் அலியானோ என்ற கிராமம். 1935-ல் பாசிச அரசு கார்லோ லெவி என்ற ஓவியரை அங்கே நாடு கடத்தியது. அவர் மருத்துவம் படித்தவர், ஆனால் தொழில் செய்யாதவர். விஷயம் தெரிந்ததும் ஊரே அவர் வாசலில் நின்றது. அதிலும் மலேரியா நோயாளிகள் ஏராளம். "கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்" என்ற பொருள்படும் தலைப்பில் 1945-ல் அவர் எழுதிய நூல், அந்த மக்களின் நிலையை நாடு முழுவதும் பேச வைத்தது. 1975-ல் இறந்தவர், விருப்பப்படியே அலியானோவில் புதைக்கப்பட்டார்.

10. இப்போ சில ஊர்களில் பாழடைந்த வீட்டை 1 யூரோவுக்குத் தர்றாங்க, பழுது பார்த்துக் கட்டணும் என்ற நிபந்தனையோடு. ஆனா 2022-ல் இத்தாலி முழுக்கப் பிறந்த குழந்தைகள் 4 லட்சத்துக்கும் குறைவு. குழந்தை இல்லைன்னா பள்ளிக்கூடம் மூடும். பள்ளிக்கூடம் மூடினா இருக்கிற இளம் குடும்பமும் கிளம்பும்.

11. இன்னொன்று, டாக்டர். தெற்கே கலாப்ரியா மாகாணத்தில் மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்காமல், 2022-ல் கியூபாவுடன் ஒப்பந்தம் போட்டு மருத்துவர்களை வரவழைத்தார்கள். அந்தக் காலத்தில் நோய்க்குப் பயந்து மலை ஏறினார்கள். இன்று பிரசவத்துக்கும் நெஞ்சு வலிக்கும் உடனே பார்க்க ஆள் வேணும்னு மலை இறங்குறாங்க.

12. 1 யூரோ வீட்டு விளம்பரம் யாராவது அனுப்பினா, ஜன்னலில் இருந்து என்ன தெரியுதுன்னு அப்புறம் பார்க்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்னு முதல்ல கேளுங்க.