முடிந்த முடிபு உண்டோ?

கோப்புகளில் ‘முடிக்கப்பட்டது’ என்றெழுதி அடுக்கிப் பழகியவர் நம்மிற் பலர். வரலாற்றுக் கோப்பை அவ்வாறு கட்டிவைத்தல் இயலாது என்பதற்கு மொகஞ்சதாரோவே சான்று.

அங்கு 1922 முதல் 1931 வரை நிகழ்ந்த அகழாய்வுகளில், முறையான அடக்கம் பெறாத எலும்புக்கூடுகள் பல வெளிப்பட்டன. 1946-இல் ஹரப்பாவின் கோட்டை மதிலை அகழ்ந்தெடுத்த மார்ட்டிமர் வீலர், இவ்விரண்டையும் இருக்கு வேதத்தில் இந்திரன் கோட்டைகளை அழித்ததாக வரும் செய்தியோடு இணைத்தார். ஆரியர் படையெடுப்பே நகர அழிவுக்குக் காரணம் என 1947-இல் எழுதினார். சிந்துவெளியினரைத் தமிழரின் முன்னோராகக் கருதும் நம்மவர் பலர் அதனை முடிந்த முடிபாகவே கொண்டு மேடைதோறும் முழங்கினர். நாமும் கைதட்டினோம்.

1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் அதனை மறுத்தார். அவ்வெலும்புகள் ஒரே காலத்தன அல்ல; கோட்டைப் பகுதியில் ஒன்றேனும் கிடைக்கவில்லை; போர் நிகழ்ந்தமைக்குத் தக்க அடையாளமும் இல்லை என்றார். இன்றைய ஆய்வாளர் மழைக் குறைவையும் ஆற்றின் போக்கு மாறியதையும் காரணங்களாக ஆராய்கின்றனர். அவையும் இறுதி விடைகள் அல்ல.

உவப்பான கருத்து வீழுங்கால் உள்ளம் வருந்துதல் இயல்பே. ஆயினும், படுகொலைக் கதை வீழ்ந்ததனால் திராவிடத் தொடர்பு பற்றிய ஆய்வு வீழ்ந்துவிடவில்லை. அது தனியே ஆராயத்தக்கது. சிந்து எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. படிக்கப்படும் நாளில் எவ்விடை வரினும் ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும். அதுவரை கோப்பு திறந்தே இருக்கட்டும்.