ஒரே சுருதிக்குச் செய்த பெட்டி

தாழ்ந்த ஒலிகளுக்காகக் காரின் பின்புறத்தில் உட்காரும் சப்வூஃபர் பெட்டி ஒரு குடத்தைப் போன்றது. குழாயடியில் குடம் நிரம்பும்போது சத்தம் மேலே ஏறிக்கொண்டே போகும். உள்ளே காற்று குறையக் குறைய அது வேகமாக அதிரும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும், பெட்டியில் பொருத்திய குழலுக்குள் இருக்கும் காற்று அந்த வில்லில் தொங்கும் எடையாகவும் வேலை செய்கின்றன. வில்லும் எடையும் சேர்ந்து ஆடும் அதிர்வெண்ணே பெட்டியின் சுருதி. இந்தக் கணக்கை ஒலி பற்றிய தம் 1863ஆம் ஆண்டு நூலின் வழியே உலகறியச் செய்தவர் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 60 லிட்டர் பெட்டியில் 100 சதுர செ.மீ. வாய் கொண்ட குழல் 30 செ.மீ. பயனுறு நீளத்தில் இருந்தால், சுருதி 41 ஹெர்ட்ஸ் அளவில் வரும். குழலை வெட்டிக் குறைத்தால் சுருதி ஏறும். பெட்டியைப் பெரிதாக்கினால் இறங்கும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் அதே நேரத்தில் பின்னே இழுக்கிறது. இரு பக்க ஒலியும் கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் 1925இல் இன்றைய சுருள் ஸ்பீக்கருக்கு வடிவம் தந்தபோதே இந்தச் சிக்கலும் கூட வந்தது. பின்பக்க ஒலியை அடைத்து வீணாக்காமல், குழல் வழியே திருப்பி முன்பக்க ஒலியோடு சேர்க்கும் வழியை பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் கண்டார். 1932இல் காப்புரிமை பெற்றார். பெட்டியின் சுருதியில் கூம்பு கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, ஒலியின் பெரும்பகுதி குழலிலிருந்தே வரும். குறைந்த அசைவில் நிறைந்த பாஸ் கிடைக்கும் இந்த அம்சம்தான் பின்னாளில் கார் ஒலியின் உரப்பை அளக்கும் போட்டிகளுக்கு அடித்தளமானது.

ஆனாலும் முப்பது ஆண்டுகளாகக் குழல் பெட்டி கைப்பக்குவமாகவே நடந்தது. அளவு தவறிய பெட்டி எல்லாப் பாட்டுக்கும் ஒரே சுருதியில் முழங்கியது. எட்கர் வில்சூரின் மூடிய பெட்டி 1954இல் சந்தைக்கு வந்து வரவேற்புப் பெற்றதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். குறையைத் தீர்த்தது ஆஸ்திரேலியா. நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரை, குழல் பெட்டியை மின்வடிகட்டியாகவே கருதி, ஸ்பீக்கரின் சில அளவுகளை மட்டும் கொண்டு பெட்டியைக் கணக்கிட 28 பொருத்தங்களை அட்டவணையாகத் தந்தது. அமெரிக்காவில் அது 1971இல் மறுபதிப்பான பிறகே பரவலாகக் கவனம் பெற்றது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து முழுமையாக்கினார். இன்று எந்த வூஃபரின் அட்டையிலும் இருக்கும் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ற மூன்று எண்களும் இவ்விருவர் பெயராலேயே அறியப்படுகின்றன. அட்டவணையின் முதன்மை நோக்கம் சமநிலை: எந்தச் சுரமும் மற்றதை மிஞ்சக் கூடாது. கார்க்காரர்கள் அதே கணக்கை எடுத்துக்கொண்டு, ஒரே சுரம் மற்றவற்றை மிஞ்சும்படி எதிர்த்திசையில் போனார்கள். இந்தத் திருப்பமே காருக்குப் பெட்டி கட்டும் கலையின் வரலாறு.

காரில் முதல் தடை மின்சாரம். ஓடும் வண்டியின் 14.4 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தினால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கிடைப்பது அதிகபட்சம் 26 வாட். மின்னழுத்தத்தை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் 1970களில் வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கான வாட் சாத்தியமானது. அரிசோனாவின் ஜிம் ஃபாஸ்கேட் இதில் முன்னோடி. சக்திக்குத் தடையாக நின்ற கார், ஒலிக்குத் துணையாகவும் நின்றது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர்; அது காருக்குள் விரியவே இடமில்லை. உள்நீளம் 2.7 மீட்டர் என்றால், சுமார் 63 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரின் உட்புறம் முழுவதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். கணக்குப்படி, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 12 டெசிபல் வரை கூடும்.

இந்தப் பாஸுக்கு ஏற்ற இசை மயாமியில் பிறந்தது. ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள இயந்திரம் 1980இல் வெளிவந்தது. அதன் பெரிய முரசொலி சுமார் 50 ஹெர்ட்ஸில் நீண்டு ஒலிக்கும். 1980களின் நடுவில் உருவான மயாமி பாஸ் இசை அந்த முரசை இன்னும் இழுத்து நீட்டியது. பாட்டின் உயிர் ஒரே குறுகிய அலைவரிசையில் இருந்ததால், அந்த ஒன்றுக்குப் பெட்டி கட்டுவதும் இயல்பானது.

1980களின் இறுதியில் அமைப்பாகத் தொடங்கிய போட்டிகளில் ஒலியின் தரத்துக்கும் உரப்புக்கும் மதிப்பெண் இருந்தது. உரப்பு மட்டுமே போதும் என்று தனிப் பாதை போட்டது 1990களில் வேய்ன் ஹாரிஸ் தொடங்கிய டிபி டிராக் ரேஸிங். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று சில நொடிகள் முழங்கும். முன்கண்ணாடியில் பதித்த உணரி எண்ணைச் சொல்லும். சில நொடிக்கு ஒரே அதிர்வெண் போதும்.

பெட்டிக்கு முன் வண்டியை அறிவதே வேலையின் முதல் படி. ஏதாவது ஒரு சோதனைப் பெட்டியை வைத்து, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஒலிக்கவிட்டு, எங்கே அளவு உச்சத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்த உச்சத்தை ஒட்டி அசல் பெட்டியின் சுருதி. குழலை முதலில் நீளமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது பாதுகாப்பான வழி, ஏனென்றால் வெட்டியதை ஒட்ட முடியாது. குழல் வாய் சிறிதானால் காற்று சீறி, சக்தி வீணாகும். ஆகவே ஒரு கன அடிக்கு 12 முதல் 16 சதுர அங்குலம் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் அளவு. அடுத்து பெட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பின்கதவிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்ற பொறுமையான தேடல். பெட்டியின் சுருதிக்குக் கீழே போனால் கூம்புக்குப் பிடிமானம் இருக்காது. கட்டற்று ஆடி ஸ்பீக்கர் சேதமடையும்.

போட்டியின் உச்சப் பிரிவுகளில் வண்டி வண்டியாகவே இல்லை. கதவுகளில் கான்கிரீட், பல அங்குலத் தடிமனில் கண்ணாடி, போல்ட் போட்டு இறுக்கிய சட்டம். ஒலிக்கும்போது உள்ளே ஆள் இருப்பதில்லை. 2000களில் எண் 180 டெசிபலைத் தாண்டியது. அது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றை ஆட்டுவது.

தெருவில் கதை வேறு. கலிஃபோர்னியாவில் வண்டியின் ஒலி 50 அடிக்கு அப்பால் கேட்டால் குற்றம். ஃபுளோரிடாவின் 25 அடிச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் செல்லாததாக்கியது. அரசியல், வணிக வண்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்ததுதான் பேச்சுரிமைக்கு முரணாகப் பட்டது. 2022இல் கட்டுப்பாடு மறுபடி வந்தது. போட்டிக்கு வெளியே பெட்டி கட்டுபவர்களிடம் சுருதியும் கீழே இறங்கிவிட்டது: 30 ஹெர்ட்ஸ் அளவில், பாட்டையே மெதுவாக்கித் தாழ்த்தி ஒலிக்கவிட்டு, திறந்த ஜன்னலோரம் நிற்பவரின் தலைமுடி காற்றில் எழும்பி ஆடுவதை இப்போது அளவாகக் கொள்கிறார்கள்.