சலைன் தீர்ந்த நாளில்

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று அஞ்சி, நாவைக் காயவிடும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் நெடுநாள் இருந்தது. பெரியவர்களுக்கோ ‘குளுக்கோஸ் ஏற்றினால்தான் உடம்பு தேறும்’ என்ற நம்பிக்கை; தருமபுரிச் சிற்றூர்களிலும் அது எளிதில் விடுவதாயில்லை. இவ்விரண்டையும் அசைத்த நிகழ்ச்சி 1971இல் நேர்ந்தது.

அவ்வாண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்த அகதிகள் மேற்கு வங்கத்துப் போன்காவ் ஊரில் குவிந்தனர். காலராவும் உடன் வந்தது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். கல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், கழிவின் நடுவே மண்டியிட்டுச் சலைன் ஏற்றினார். அதுவும் தீரத் தொடங்கியது. எனவே லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கலந்து குடிக்கத் தரத் துணிந்தார்.

வழி முற்றிலும் புதிதன்று. 1953இலேயே கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரால் காலரா நோயாளிகளைத் தேற்றியிருந்தார். மேலைநாட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. குடலில் குளுக்கோஸ் உப்பைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது என்ற விளக்கத்துக்கு 1960இல் ராபர்ட் கிரேன் அடித்தளமிட்டார். 1968இல் டாக்காவில் நாலினும் காஷும் வயதுவந்த நோயாளிகளிடம் இதை மெய்ப்பித்தனர். ஆனால் எல்லாம் மருத்துவரின் கண்காணிப்பில்.

போன்காவில் அக்கண்காணிப்பு ஏது? கலவையைப் பீப்பாய்களில் வைத்தனர். தாயும் தமையனும் குவளையில் பிடித்துச் சென்று, தம் நோயாளிக்கு மிடறு மிடறாகப் புகட்டினர். மருந்தைவிட எனக்கு வியப்பளிப்பது, அக்குவளை யார் கையில் இருந்தது என்பதே. முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்த இடத்தில், இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 1978இல் ‘லான்செட்’ இதழ் இம்முறையை அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்றெழுதியது.

நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வு தொடர்ந்தது. எளிதில் செரிக்காத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால் காலரா நோயாளிக்கு வயிற்றுப்போக்கு விரைவில் தணிவதை, 2000இல் அங்குள்ளோர் வெளியிட்டனர். உப்பையும் குளுக்கோஸையும் குறைத்த கலவையை 2002இல் உலக நல நிறுவனம் ஏற்றது. இன்றைய பொட்டலம் அதுவே.

கைக்குழந்தைக்குக் கரண்டியால் சிறிது சிறிதாக, தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பெரியவர் வேண்டுமட்டும் பருகலாம். மயங்கிக் கிடப்பவருக்கும் குடிக்க இயலாதவருக்கும் மட்டும் சலைன் இன்றும் இன்றியமையாதது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023இல், அவர் மறைவுக்குப் பின்னரே, அறிவிக்கப்பட்டது.